அரைக்கை கவுன்: ஒன்றை வைத்து எத்தனை இடத்துக்குச் சமாளிக்கலாம்?

நீலக்குடை:
எல்லோருக்கும் வணக்கம். முழங்காலைத் தாண்டுகிற நீளத்தில் ஓர் அரைக்கை கவுன் வாங்கலாம் என்றிருக்கிறேன். அலுவலகத்துக்கும் ஆக வேண்டும், சாயங்காலம் யாராவது விருந்துக்குக் கூப்பிட்டால் வீட்டுக்கு வந்து மாற்றாமல் அப்படியே போகவும் வேண்டும். அடுத்த மாதம் ஒரு நேர்முகத் தேர்வும் இருக்கிறது. கடையில் போய் நின்றால் பஃப் கை, ஃபிரில் கை, தோளை மட்டும் மூடுகிற குட்டிக் கை என்று வரிசையாகத் தொங்குகின்றன.

எனக்கு மேல்கை கொஞ்சம் பருமன். ஒன்று கை இறுக்கிப் பிடிக்கும், இல்லாவிட்டால் கைக்காகப் பெரிய சைஸ் எடுத்துத் தோள் தொங்கும். எதைப் பார்த்து எடுப்பது? "கருப்பு எடு, எல்லாவற்றுக்கும் ஆகும்" என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். கருப்பு ஏற்கெனவே இருக்கிறது.

அலமாரி:
கருப்பு எடுங்கள்.

சரி சரி, கோபப்படாதீர்கள். கை எந்த இடத்தில் முடிகிறது என்று பாருங்கள். கை ஓரம் குறுக்கே ஒரு கோடு போடுகிறது, பார்க்கிறவர் கண் அங்கேதான் போய் நிற்கும். மேல்கையின் மிகப் பருமனான இடத்தில் அந்தக் கோடு விழுந்தால் கை இன்னும் அகலமாகத் தெரியும். அதற்கு 2, 3 சென்டிமீட்டர் கீழே இறங்கினாலே தோற்றம் மாறிவிடும். முழங்கைக்கு நாலு விரல் மேலே முடிகிற கை பெரும்பாலானோருக்குப் பொருந்தும். தோளை மட்டும் மூடுகிற குட்டிக் கைதான் மோசம். கை பருமனாக இருப்பவர்களுக்கு அது எதையும் மறைப்பதில்லை, ஒல்லியானவர்களுக்குத் தோளில் விறைப்பாக நிற்கும். எனக்கு அந்த வகையே பிடிக்காது, அதனால் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

ஊசிமுனை:
தையல் வேலை செய்கிறவள் என்கிற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் கையின் நீளத்தைப் பார்ப்பீர்கள். நான் முதலில் பார்ப்பது ஆர்ம்ஹோல். கையை உடம்போடு பொருத்தியிருக்கிற வட்டத் தையல் அது. அக்குளுக்கு எவ்வளவு கீழே அது இறங்குகிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

ஆர்ம்ஹோல் இறக்கமாக இருந்தால் வசதியாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர் எதிர். தையல் அக்குளுக்கு நாலு விரல் கீழே இருந்தால், கையைத் தூக்கும்போது அதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அது பக்கத் துணியை இழுக்கும், கவுன் மொத்தமும் மேலே ஏறும். இடுப்புத் தையல் விலாவுக்கு வந்துவிடும், கீழ் ஓரம் முழங்காலுக்கு மேலே போய்விடும். அதே தையல் அக்குளுக்கு ஒரு விரல், ஒன்றரை விரல் கீழே நின்றால் கை மட்டும் தனியாக மேலே போகும். சட்டையில் இது அவ்வளவாகத் தெரியாது, ஓரம் ஏறினால் கீழே இழுத்துவிட்டால் போதும். கவுனில் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே துணி, தப்பிக்க வழியில்லை.

அடுத்தது கையின் மேல் வளைவு. தைப்பதற்கு முன்னால் கைத் துணியை மேசையில் விரித்தால் மேல்பக்கம் ஒரு வளைவு எழும்பி நிற்கும். அது உயரமாக வெட்டப்பட்டிருந்தால், கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது சுருக்கமே இல்லாமல் நேர்த்தியாக விழும். ஆனால் தூக்கும்போது பிடிக்கும், மேல்கைச் சுற்றும் குறுகும். வளைவு தாழ்வாக இருந்தால் சுற்று கூடும், தாராளமாகத் தூக்கலாம், சும்மா நிற்கும்போது அக்குள் பக்கம் மடிப்பு விழும். நேர்முகத் தேர்வில் பெரும்பாலும் கையை மேசைமேல் வைத்து உட்கார்ந்திருப்பீர்கள், அங்கே முதல் வகை அழகு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிகிற நாளுக்கு இரண்டாவதுதான் சரி. இரண்டும் ஒரே உடையில் முழுசாகக் கிடைக்காது. கடைக்காரர் கிடைக்கும் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

போட்டுப் பார்க்கிற அறையில் கண்ணாடி முன்னால் நேராக நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள், கீழ் ஓரம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பிறகு உங்களை நீங்களே கட்டிக்கொள்வதுபோல் கைகளை முன்னால் குறுக்கே போடுங்கள், முதுகு இழுக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைசியாக உட்காருங்கள்.

கரும்பலகை:
ஊசிமுனை சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். ஆசிரியை வேலையில் நாள் முழுக்கக் கை மேலேதான். பலகையில் எழுதும்போது கவுன் ஏறுவது ஒரு பிரச்சினை என்றால், கை ஓரம் அகலமாக இருப்பது இன்னொரு பிரச்சினை. பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு உள்ளே வரை தெரியும். பெல் கை, ஃபிரில் கை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் கையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கவாட்டாகவும் நின்று பாருங்கள். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கிறவர்களுக்கும் இதே சோதனை.

எனக்கு ஒத்துவந்தது ராக்லன் கை. தோளில் தையலே இருக்காது, கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக ஓடும். அந்தப் பெயர் 1815 வாட்டர்லூ போரில் வலது கையை இழந்த ராக்லன் பிரபுவின் பெயர். தோள் தையல் எங்கே விழுகிறது என்ற கவலையே இல்லை என்பதால், நீலக்குடை சொன்ன 'தோள் தொங்கும்' தொல்லைக்கு இது ஒரு வழி. ஆனால் பார்வைக்குக் கொஞ்சம் விளையாட்டு உடுப்பின் சாயல் இருக்கும். நேர்முகத் தேர்வுக்கு நான் போட மாட்டேன்.

வடக்குவாசல்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். நேர்முகத் தேர்வுக்கு அரைக்கையே எதற்கு? முழுக்கை போட்டால் இந்த விவாதமே தேவையில்லையே. அரைக்கை என்றாலே சாதாரண உடைதான்.

மூன்றாம்மாடி:
வடக்குவாசல், நீங்கள் ஆண்கள் சட்டையின் கணக்கைக் கொண்டுவந்து இங்கே வைக்கிறீர்கள். சூட்டுக்குள் அரைக்கைச் சட்டை போடுவது பொருந்தாது என்பது ஆண்கள் உடையில் உள்ள மரபு. பெண்கள் கவுனில் அந்தக் கணக்கு செல்லாது. மேற்கத்திய முறையில் ஆண்கள் வில் டை கட்டி வருகிற இரவு விருந்துக்குப் பெண்கள் கையே இல்லாத நீள கவுனில் வருகிறார்கள், அதைவிடச் சம்பிரதாயமான உடை வேறு என்ன?

கவுன் சாதாரணமாகத் தெரிவதும் கம்பீரமாகத் தெரிவதும் துணியாலும் வெட்டாலும்தான். டி-ஷர்ட் துணியில் அரைக்கை தைத்தால் வீட்டில் போடுவது. அதே அளவு, அதே கை, கனமான கிரேப்பில் (மேற்பரப்பு லேசாகச் சுருங்கியிருக்கும் துணி) லைனிங் வைத்துத் தைத்தால் இயக்குநர் குழுக் கூட்டத்துக்கே போகலாம். கை ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓவர்லாக் (நூல் பிரியாமல் இருக்கத் துணி ஓரத்தில் போடும் இயந்திரத் தையல்) அடித்து அப்படியே ஒரு தையல் ஓட்டியிருந்தால் சாதாரண உடை. உள்ளே ஒரு பட்டி வைத்து வெளியே தையல் தெரியாமல் மடித்திருந்தால் தைத்தவர் மெனக்கெட்டிருக்கிறார் என்று அர்த்தம். அருகில் உட்கார்ந்து பேசுகிறவருக்கு இது சொல்லாமலே தெரியும்.

வடக்குவாசல்:
கிரேப் வாதம் சரி. ஆனாலும் கேள்வி கேட்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரியாத இடத்துக்கு முழங்கை வரையாவது மூடிப் போவது பாதுகாப்பு என்பது என் கட்சி. மாறப்போவதில்லை.

மூன்றாம்மாடி:
முழங்கை வரை என்றால் நானும் உங்கள் கட்சிதான். அதுவும் அரைக்கைதானே, ஐயா.

நீலக்குடை, மறந்துவிட்டேன். அலுவலகத்தில் ஏசி குளிர் தாங்காமல் மேலே கோட்டோ கார்டிகனோ போடுகிற பழக்கம் இருந்தால் பஃப் கையைத் தொடாதீர்கள். கோட்டுக் கைக்குள் அது நசுங்கித் தோளில் மூட்டையாக நிற்கும். மதியம் கோட்டைக் கழற்றினால் கசங்கிய காகிதம்தான். உடம்போடு சேர்த்தே வெட்டிய அகலமான கிமோனோ கைக்கும் இதே கதி. தோளில் தையல் வைத்துப் பொருத்திய சாதாரண கைதான் கோட்டுக்குள் ஒழுங்காகப் போகும்.

நீலக்குடை:
எல்லோருக்கும் நன்றி. ஆர்ம்ஹோல் விஷயம் இதுவரை யாரும் சொன்னதே இல்லை. வீட்டிலிருந்த ஒன்றைப் போட்டு இப்போதுதான் கையைத் தூக்கிப் பார்த்தேன். ஏன் அதை எடுக்காமலே விட்டுவைத்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது.

ஊசிமுனை அக்கா, ஆயத்த உடையில் மார்புக்கும் தோளுக்கும் சரியாக இருந்து மேல்கை மட்டும் பிடித்தால் அதைச் சரிசெய்ய முடியுமா? அல்லது பெரிய சைஸ் எடுத்துத் தோளைக் குறைப்பதா?

ஊசிமுனை:
தோளுக்குச் சரியாக இருப்பதையே எடுங்கள். பெரிய சைஸ் எடுத்தால் தோள் அகலம், ஆர்ம்ஹோல் இறக்கம், கழுத்து எல்லாமே சேர்ந்து பெரிதாகும். தோளைக் குறைப்பதென்றால் கையை முழுசாகப் பிரித்து, வட்டத்தைத் திரும்ப வெட்டி, கையைப் பொருத்த வேண்டும். இறங்கிப்போன ஆர்ம்ஹோலை மேலே ஏற்றவும் முடியாது, வெட்டிய துணி திரும்ப வராதே.

கை பிடித்தால் வழி உண்டு. முதலில் கையின் உள்தையலைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் துணி விட்டிருந்தால் பிரித்துத் தள்ளித் தைக்கலாம், இரண்டு பக்கமும் சேர்த்து ஓரளவு கிடைக்கும். ஓவர்லாக்கோடு ஒட்ட வெட்டியிருந்தால் (ஆயத்த உடையில் பெரும்பாலும் அப்படித்தான்) அக்குளில் ஒரு துண்டு வைக்க வேண்டும். கையின் அடித்தையலையும், அக்குளிலிருந்து பக்கத் தையலில் கொஞ்ச தூரத்தையும் பிரித்துவிட்டு, இடையில் நீளவாக்கில் ஒரு துண்டைச் சேர்ப்போம். துணி எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? கீழ் ஓர மடிப்பிலிருந்து, இடுப்புப் பட்டை இருந்தால் அதிலிருந்து, பை உள்துணியிலிருந்து. நிறம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கையைத் தூக்கினால்தான் தெரியும். இந்தத் துண்டு கையை அகலமாக்குவதோடு தூக்கவும் விடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

இது வேண்டாமென்றால் கையின் வெளிப்பக்க ஓரத்தில் மூன்று விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு விட்டு ஓரம் மடித்துவிடலாம். பார்த்தால் வேண்டுமென்றே வைத்த அலங்காரம் மாதிரி இருக்கும்.

இணையத்தில் வாங்குவதென்றால் மேல்கைச் சுற்றை அளந்து வைத்துக்கொள்ளுங்கள், கையை மடக்கி அளக்க வேண்டும். நீட்டி அளந்தால் குறைவாக வரும். நெகிழ்வில்லாத நெய்த துணியில் அந்த அளவுக்கு மேல் 3, 4 சென்டிமீட்டராவது தாராளம் வேண்டும். இழுத்தால் நீளும் பின்னல் துணியில் சரியளவே போதும்.

பயணப்பை:
துணி பற்றி யாரும் அதிகம் பேசவில்லையே. பயணத்துக்கு அரைக்கை கவுன் என்றால் என் அனுபவத்தில் பின்னல் துணிதான், சுருட்டி வைக்கலாம், இஸ்திரி வேண்டாம். லினன் பார்க்க அழகு, வெயிலுக்கு அதைப்போல் ஒன்று கிடையாது, ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்த அடுத்த நிமிடம் மடியில் கோடுகள். அந்தக் கசங்கலை ரசிக்கிறவர்கள் மட்டும் எடுக்கலாம். விஸ்கோஸ் ரேயான் மென்மையாக விழும், ஆனால் ஈரமானால் வலு குறைந்துவிடும் நார் அது. விடுதியில் கையால் துவைத்து முறுக்கிப் பிழிந்தால் தையல் ஓரம் விட்டுப்போகும். துண்டுக்குள் சுருட்டி அழுத்தினால் போதும். பாலியஸ்டர் சீக்கிரம் காயும், ஆனால் உடம்பின் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நீண்ட பயணத்தில் அக்குள் வாடை போகாது.

தோளில் பை மாட்டுகிறவர்களுக்கு ஃபிரில் கை வேண்டவே வேண்டாம். பட்டையின் அடியில் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் நிமிர்ந்து நிற்கும்.

அலமாரி:
வியர்வையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஈரம் பளிச்சென்று தெரிவது நடுத்தரச் சாம்பலிலும் வெளிர்நீலத்திலும்தான். வெள்ளை, கருநீலம், சின்னச் சின்னப் பூ அச்சு எல்லாம் மறைத்துவிடும். அக்குளில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் கிடைக்கின்றன, மேடையேறிப் பேசுகிற நாளுக்கு அவை உயிர் காக்கும். கை ஒட்டிப் பிடிக்கிற உடையானால் பட்டையின் ஓரம் வெளியே தெரியும், அதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

கரும்பலகை:
வெயிலில் நிற்கிற நிகழ்ச்சிக்கு அரைக்கை போடுகிறவர்கள் துணிக்கு யுபிஎஃப் என்று ஓர் அளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996இல் முதன்முதலாக அதற்கு ஒரு தர வரையறை கொண்டுவந்தன. 50 என்றால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் துணியைத் தாண்டும். நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி நன்றாகத் தடுக்கும், மெல்லிய வெள்ளைப் பருத்தி அவ்வளவாகத் தடுக்காது, நனைந்தால் இன்னும் குறையும். வெளியே தெரிகிற கைக்குக் களிம்பு பூசுகிறோம், கைத் துணிக்கு அடியில் தோளில் பூசுவதில்லை. துணி மெல்லியது என்றால் அங்கேயும் பூசிக்கொள்வது நல்லது.

மழைத்தூறல்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், ஒரு கேள்வி. துக்கம் கேட்கப் போகும்போது அரைக்கை போடலாமா? திடீரென்று கிளம்ப வேண்டியிருக்கும், அந்த நேரத்தில் யோசிக்க முடிவதில்லை.

மூன்றாம்மாடி:
போடலாம். முழங்கையை ஒட்டிய நீளம், பளபளப்பு இல்லாத துணி, அடங்கிய நிறம். பஃப், ஃபிரில் இரண்டும் வேண்டாம், அசைகிற எதுவும் அங்கே கண்ணை இழுக்கும். குனிந்து ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும், தரையில் உட்கார வேண்டியிருக்கும். அதனால் கழுத்து இறக்கத்தையும் கீழ் நீளத்தையும் கையைவிட முக்கியமாகப் பாருங்கள். அந்தந்த வீட்டு வழக்கம் தெரியாவிட்டால் பெரிய துப்பட்டா ஒன்று பையில் இருக்கட்டும்.

இரவுப்பணி:
நான் செவிலியர். யாரும் யோசிக்காத ஓர் இடத்தைச் சொல்கிறேன்: மருத்துவமனை. ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டை மேல்கையில் வெறும் தோலின் மேல் சுற்ற வேண்டும். இறுக்கமான கையை மேலே சுருட்டி ஏற்றிவிட்டால் அதுவே கையைக் கட்டிப்போட்டதுபோல் அழுத்தி அளவைக் குழப்பிவிடும். தடுப்பூசியும் தோளுக்குச் சற்றுக் கீழேதான் போடுவோம். முழுக்கை கவுனில் வந்து பாதி உடையைக் கழற்ற வேண்டி வந்து சங்கடப்படுகிறவர்கள் நிறைய. தளர்ந்த அரைக்கை, முடிந்தால் முன்பக்கம் பொத்தான். பரிசோதனைக்குப் போகிற நாளுக்கு இதைவிட நல்ல உடை கிடையாது. அழகு பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

அலமாரி:
விருந்து, கல்யாணம் பக்கம் வருவோம். நீலக்குடை கேட்டதும் அதுதானே. பகலில் போட்டதையே இரவுக்கும் போடுவதென்றால் கையில் வேலைப்பாடு இல்லாத கவுனே நல்லது. தோடு, வளையல், காலணி மூன்றையும் மாற்றினாலே வேறு உடை மாதிரி இருக்கும். கையிலேயே மணியும் சரிகையும் இருந்தால் காலையில் அலுவலகத்தில் உறுத்தும், வளையலும் மோதும்.

படம் எடுக்கிற இடமானால் இரண்டு எச்சரிக்கை. மிக மெல்லிய கோடுகள் காணொளியில் அலையலையாக நெளியும். கையில் மட்டும் லைனிங் இல்லாத ஜார்ஜெட், ஃபிளாஷ் வெளிச்சத்தில் நேரில் தெரிந்ததைவிட அதிகமாக ஊடுருவித் தெரியும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கைபேசியில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

நீலக்குடை:
முடிவு பண்ணிவிட்டேன். கரும்பச்சை கிரேப், பொருத்தித் தைத்த கை, முழங்கைக்கு நாலு விரல் மேலே. கையைத் தூக்கினேன், கட்டிக்கொண்டேன், உட்கார்ந்தேன். கடைப் பெண் ஒரு மாதிரிப் பார்த்தாள், பரவாயில்லை. மேல்கை லேசாகப் பிடிக்கிறது. உள்ளே ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடத் துணி விட்டிருக்கிறார்கள், தையற்காரரிடம் கொடுத்திருக்கிறேன்.

வடக்குவாசல்:
முழங்கை வரை இருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சரி, தேர்வுக்கு வாழ்த்துகள்.

மழைத்தூறல்:
இழை முடியும் முன் ஒன்று. என்னிடம் பஃப் கை கவுன் ஒன்று இருக்கிறது, துவைத்தால் கை சப்பையாகிவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியை எப்படி வைத்தாலும் சுருக்கத்துக்குள் கோடு விழுகிறது. என்ன செய்வது?

ஊசிமுனை:
பெட்டியைத் துணிமேல் அழுத்தவே கூடாது. சின்னத் துண்டு ஒன்றை உருட்டிக் கைக்குள் திணித்து, பஃப் நிமிர்ந்து நிற்கும்படி செய்யுங்கள். கவுனைத் தொங்கவிட்டு ஒரு சாண் தூரத்திலிருந்து ஆவியை மட்டும் காட்டுங்கள். ஈரம் முழுக்கப் போகும் வரை துண்டை எடுக்காதீர்கள். அப்படியும் நிற்காவிட்டால் உள்ளே ஒரு விரல் அகலத்தில் விறைப்பான வலைத்துணிப் பட்டை ஒன்றைத் தோள் தையலோடு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள். பட்டையின் ஓரம் தோலில் உறுத்தாமல் இருக்க மேலே பருத்தித் துணி சுற்ற வேண்டும். சொல்லாவிட்டால் பெரும்பாலானவர்கள் சுற்ற மாட்டார்கள்.